ஜீப்பிலிருந்து ஊசி வரை

(சிலமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிலமலைப் பெரியோர்களே, தாய்மார்களே, விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற சகோதரிகளே, அந்த ஜீப்புகளை ஓட்டுகிற தம்பிகளே, 108 வண்டியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பணியாற்றும் நண்பர்களே!

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பக்கவாதம். அந்த நோய் ஏன் வருகிறது, எப்படி வராமல் தடுப்பது என்று பல மேடைகளில் பேசியிருக்கிறார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் பேசப்போவது வேறு. பக்கவாதம் வந்தவரைக் காப்பாற்ற ஓடுகிறார்களே, அந்தக் கைகளைப் பற்றி. ஜீப் ஓட்டுகிறவரின் கை, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் கை, ஊசி ஏற்றுகிற நர்ஸின் கை, ஸ்கேன் எடுக்கிறவரின் கை. இந்தக் கைகள் ஒன்றோடொன்று பழகியிருக்க வேண்டும். நோயாளி வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்றால் அதற்கு நேரம் கிடையாது. நோயாளி வருவதற்கு முன்பே பழக வேண்டும். அதற்கு ஒரே வழி ஒத்திகை. அந்த ஒத்திகை ஏன் வேண்டும், எப்படி நடக்க வேண்டும், அதில் சிலமலைக்கு என்ன பங்கு? இந்த மூன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பக்கவாதம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "கை கால் விழுந்துபோச்சு", "வாய் கோணிக்கிச்சு", "பேச்சு நின்னுபோச்சு" என்று நம் தெருக்களில் சொல்வது அதைத்தான். ஒரு கையை மறுகையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்காத ஊர் நம் பக்கத்தில் இல்லை. நேற்றுவரை ஏலக்காய் எடுத்த கை அது. நேற்றுவரை குடும்பத்துக்குச் சோறு போட்ட கை.

உள்ளே என்ன நடக்கிறது? மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் இரண்டு விதமாகக் கோளாறு வரும். ஒன்று, ரத்தக்கட்டி வந்து குழாயை அடைத்துக்கொள்வது. இன்னொன்று, குழாயே வெடித்து ரத்தம் கசிவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கை விழும், வாய் கோணும், பேச்சு குழறும். ஆனால் சிகிச்சை நேரெதிர். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க வேண்டும். கசிவு இருக்கும்போது கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்த மருந்தே எமனாகிவிடும். எது அடைப்பு, எது கசிவு என்று நாடி பிடித்துச் சொல்ல முடியாது. முகம் பார்த்துச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நெஞ்சுவலிக்கு 2023இல் நம் அரசு "இதயம் காப்போம்" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் பக்கவாதத்துக்கு அதே வழியில் போக முடியாது. ஸ்கேன் பார்க்காமல் ரத்தத்தை இளக்கும் மாத்திரையைக் கொடுத்தால், கசிவு உள்ளவருக்குக் கேடு செய்துவிடுவோம். அதுமட்டுமல்ல, பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தியே போயிருக்கலாம். மாத்திரையும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஆக, மாரடைப்புக்கு மருந்து நோயாளியைத் தேடி வரலாம். பக்கவாதத்துக்கு நோயாளிதான் ஸ்கேனைத் தேடிப் போக வேண்டும். அதனால்தான் இந்த நோயில் எல்லாமே ஓட்டம். எல்லாமே நேரம்.

எவ்வளவு நேரம்? அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவருக்குச் சிகிச்சை இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. ஒரு நிமிடத்தில் 19 லட்சம்! "வண்டி வரட்டும், பார்த்துக்கலாம்" என்று பத்து நிமிடம் நின்றால் ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல். செத்த நரம்பணுவுக்கு மாற்று கிடையாது.

மருந்து இல்லையா? இருக்கிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் என்ற மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வு நிரூபித்தது. நாலரை மணி நேரம் வரை கொடுக்கலாம் என்று 2008இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. இப்போது ஒரே ஊசியாகப் போட்டுவிடும் டெனெக்டிபிளேஸும் வந்திருக்கிறது. பெரிய குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சைக்கு 2015இல் உறுதியான சான்றுகள் வந்தன. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்று 2018இல் தெரிந்தது.

"நாலரை மணி நேரம் இருக்கிறதே, பிறகென்ன அவசரம்?" என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்காதீர்கள். முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால், ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் அந்த மருந்தால் நன்றாகத் தேறி எழுந்துவிடுகிறார். மூன்று மணி நேரத்துக்கும் நாலரை மணி நேரத்துக்கும் இடையில் ஏறினால், பதினான்கு பேரில் ஒருவருக்குத்தான் அந்தப் பலன். மருந்து அதே மருந்து. டாக்டர் அதே டாக்டர். மாறியது கடிகாரம் மட்டும்.

அப்படியானால் நேரம் எங்கே போகிறது? இதுதான் என் பேச்சின் மையம். தயவுசெய்து இதைக் கூர்ந்து கேளுங்கள்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மருத்துவமனை வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. ஐம்பது வயதுப் பெண்மணி. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை. ஸ்ட்ரெச்சர் எங்கே என்று தேடுகிறார்கள். கிடைக்கிறது. மகனை "சீட்டுப் போட்டுட்டு வாப்பா" என்று கவுண்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர் வந்து "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்கிறார். பதில் தெரிந்தவர் மகன். அவர் வரிசையில் நிற்கிறார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கிறார். சர்க்கரை பார்ப்பதை டாக்டர் சொல்வார் என்று காத்திருக்கிறார். டாக்டரோ நர்ஸ் பார்த்திருப்பார் என்று நினைக்கிறார். ஸ்கேன் அறைக்கு யாரும் போன் செய்யவில்லை; அங்கே வேறொருவர் மேசையில் படுத்திருக்கிறார். ஸ்கேன் முடிந்து அடைப்புதான் என்று தெரிந்ததும், மருந்து எடுக்க வேண்டும். அலமாரிச் சாவி யாரிடம்? எடை எவ்வளவு? யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

இதில் யார் சோம்பேறி? ஒருவரும் இல்லை. யாருக்கு வேலை தெரியாது? எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒருவரின் வேலை முடிந்து அடுத்தவர் கைக்குப் போகிற இடத்தில் நிமிடங்கள் நின்றுவிட்டன. இங்கே ஐந்து நிமிடம், அங்கே பத்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் புது மருந்தும் திருப்பித் தராது. எந்தப் பட்டப்படிப்பும் திருப்பித் தராது. ஒத்திகை ஒன்றுதான் திருப்பித் தரும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஆனால் தேர் ஒழுங்காகத் திரும்புவது சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவரால். எப்போது போட வேண்டும், எப்போது உருவ வேண்டும், யாருடைய குரலுக்குக் காது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பலம் மட்டும் போதுமென்றால் தேர் தெருமுனையில் வீட்டுச் சுவரில் போய் நின்றிருக்கும். மருத்துவமனையிலும் அப்படித்தான்: திறமை வேறு, திறமைகள் ஒன்றுசேர்வது வேறு.

இது நான் சும்மா சொல்வதல்ல. உலகம் செய்து பார்த்த உண்மை. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 1998இல், நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி ஏறும் வரை 105 நிமிடம் ஆனது. அவர்கள் ஒவ்வொரு படியாக எடுத்துத் திருத்தினார்கள். ஆம்புலன்ஸில் வரும்போதே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் படுக்கையிலேயே நோயாளியை நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். மருந்தை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். 2011இல் 105 நிமிடம் 20 நிமிடமாகச் சுருங்கியது. புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. வேலை செய்யும் முறையை மாற்றினார்கள்.

அடுத்து நார்வே நாட்டின் ஸ்டாவஞ்சர் நகரம். அந்த ஊருக்கும் ஒத்திகைக்கும் பழைய உறவு உண்டு. அங்கே பொம்மை செய்து விற்ற ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர்தான், மூச்சு நின்றவருக்கு மூச்சுக் கொடுக்கப் பழகுவதற்கான பொம்மையை 1960இல் உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் முதலுதவி வகுப்புகளில் நெஞ்சை அழுத்திப் பழகுகிற பொம்மைகளுக்கு அதுதான் மூத்தது. அதே ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 பிப்ரவரியில் பக்கவாதக் குழுவுக்கு வாராவாரம் ஒத்திகை தொடங்கினார்கள். அவர்கள் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. அப்போதே வாசலிலிருந்து ஊசிக்கு 27 நிமிடம்தான். உலகத் தரம். ஆனாலும் போதாது என்றார்கள். நடைமுறையைத் திருத்தினார்கள், ஒத்திகை பார்த்தார்கள், மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். 27 நிமிடம் 13 நிமிடம் ஆனது. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோதும் 13 நிமிடத்திலேயே நின்றது.

ஒத்திகை எப்படி நடக்கும்? உங்கள் கண்முன்னே காட்டுகிறேன்.

விலை உயர்ந்த பொம்மை வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஊழியர்களில் ஒருவர் நோயாளியாகப் படுப்பார். வலது கையைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது, வாயின் ஒரு பக்கம் தொங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தருவார்கள். இன்னொருவர் மகனாக நடிப்பார். பதறுவார், அழுவார், குறுக்கே வந்து நிற்பார். நிஜத்திலும் அப்படித்தானே நடக்கும்? மூன்றாமவர் கையில் ஸ்டாப் வாட்ச். ஒத்திகை நடக்கும் இடம் தனி வகுப்பறையாக இருந்தால் பாதிப் பயன்தான். நிஜமான அவசர வார்டு, நிஜமான ஸ்ட்ரெச்சர், நிஜமான வராண்டா, அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற அதே ஆட்கள். அப்போதுதான் ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் சிக்குவதும், ஸ்கேன் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் தெரியவரும்.

குழுவின் தலைவர் ஒருவர். கட்டில் தலைமாட்டில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டார். "சிஸ்டர், சர்க்கரை பாருங்க" என்பார். "சர்க்கரை பார்க்கிறேன் சார்" என்று நர்ஸ் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்த்த பிறகு "சர்க்கரை 112 சார்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்வது சின்ன விஷயம். ஆனால் "நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன்" என்ற வார்த்தை அந்த வார்டிலிருந்தே ஒழிந்துபோகும். சர்க்கரை ஏன் முதலில்? ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால் அதுவும் பக்கவாதம்போலவே வேஷம் போடும். குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார வேண்டியவருக்குத் தவறான ஊசி போய்விடக் கூடாது.

பிறகு ரத்த அழுத்தம். மேலே 185, கீழே 110. அதைத் தாண்டியிருந்தால் இறக்கிவிட்டுத்தான் மருந்து. அதன் பிறகு எடை. அல்டிபிளேஸ் மருந்தின் அளவு எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். 45 கிலோ உள்ள ஒரு அம்மாவுக்கு 40.5 மில்லிகிராம். "ஒரு அறுபது இருப்பாங்க சார்" என்று கண்ணளவில் யாராவது சொல்லிவிட்டால் 54 மில்லிகிராம் போய்விடும். அந்த 13.5 மில்லிகிராம் அதிகம் மூளைக்குள் ரத்தக் கசிவாக முடியலாம். ஒத்திகையில் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கிறார்கள். பத்தில் ஒரு பங்கை ஒரே நிமிடத்தில் ஊசியாக, மீதியை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. மருந்துக்குப் பதில் வெறும் சலைன் பாட்டில்தான். ஆனால் கலக்குகிற கை, கணக்குப் பார்க்கிற கண், இரண்டாவது ஆள் சரிபார்க்கிற பழக்கம் எல்லாம் நிஜம்.

ஊசி ஏறியதும் ஸ்டாப் வாட்சை நிறுத்துவார்கள். ஒத்திகை முடிந்துவிட்டதா? இல்லை. இனிதான் அதன் உயிர்ப்பகுதி. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். டாக்டரும், நர்ஸும், டெக்னீஷியனும், ஸ்ட்ரெச்சர் தள்ளியவரும் ஒரே வட்டத்தில். "யார் தப்பு?" என்று கேட்கக் கூடாது. "எங்கே நின்றது?" என்று மட்டுமே கேட்க வேண்டும். அந்த வட்டத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், "சார், அந்த வராண்டாவுல பைக் நிறுத்தியிருக்காங்க, சுத்திக்கிட்டுத்தான் வர வேண்டியிருக்கு" என்று வாய் திறக்க வேண்டும். "மருந்தை வார்டு அலமாரியில வைக்காம ஸ்கேன் ரூம்லயே ஒரு பெட்டியில வச்சா என்ன?" என்று இளைய நர்ஸ் கேட்க வேண்டும். பெரிய டாக்டர் அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். நம் மருத்துவமனைகளில் பெரியவர், சிறியவர் என்ற அடுக்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு நோயாளியின் மூளை செத்துக்கொண்டிருக்கும்போது, கண்ணில் பட்ட தவறைச் சொல்ல ஒரு நர்ஸ் தயங்கினால், அந்தத் தயக்கமும் நோய்தான். ஒத்திகை அந்த நோய்க்கும் மருந்து.

"இதெல்லாம் பின்லாந்துக்கும் நார்வேக்கும் சரி, நம்மூரில் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். இமாச்சலப் பிரதேசத்தைப் பாருங்கள். நம்மைப்போல மலை நாடு. நம்மைவிடக் கடினமான மலை. நரம்பியல் மருத்துவர்கள் இருந்ததோ சிம்லாவிலும் காங்ராவிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் மட்டும். 2014இல் அங்கே என்ன செய்தார்கள்? சி.டி. ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிற பொது மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி வந்ததும் ஸ்கேன் படத்தைச் செல்போனில் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்துச் சொல்ல, மாவட்ட மருத்துவரே ஊசி போடுவார். மருந்துக்குக் காசு வாங்கவில்லை, அரசே கொடுத்தது. சிம்லாவுக்கு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் பயணம் செய்து காலம் கடந்து போய்ச் சேர வேண்டிய நோயாளிக்கு, தன் மாவட்டத்திலேயே மருந்து கிடைத்தது. இமாச்சலத்தில் முடிந்தது நம் போடி மலையடிவாரத்தில் ஏன் முடியாது?

தமிழ்நாட்டில் அடித்தளம் இல்லாமலில்லை. 2008இலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் விபத்து, மாரடைப்பு ஆகியவற்றோடு பக்கவாதமும் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியைத் தரம் பிரிக்கும் முறை வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் திறன் பயிற்சிக் கூடம் இருந்தாக வேண்டும் என்பது இந்தியா முழுவதற்குமான விதி. நம் தேனி மாவட்டத்திலேயே கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. கட்டடம் உண்டு, கருவி உண்டு, படித்தவர்கள் உண்டு. இவற்றைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு ஒத்திகை. அதை ஆண்டுக்கு ஒரு முறை போட்டோ எடுப்பதற்காக நடத்தினால் பயனில்லை. மாதம் தவறாமல் நடத்த வேண்டும். இரவு டியூட்டியிலும் நடத்த வேண்டும். பக்கவாதம் பகல் பத்து மணிக்கு மட்டும் வருவதில்லை.

"எங்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு, இதில் ஒத்திகை வேறா?" என்று மருத்துவமனை நண்பர்கள் நினைக்கலாம். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஒரு நர்ஸ் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்றும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒத்திகைக்கு அரை மணி நேரம் போதும். ஒத்திகை இல்லாமல் படுத்த படுக்கையான ஒரு நோயாளிக்கு அந்த வீடு கொடுக்கப்போவது எத்தனை ஆண்டுகள்? மகள் வேலையை விடுவாள். பேரன் படிப்பை விடுவான். அந்த அரை மணி நேரத்தை இதோடு எடை போட்டுப் பாருங்கள்.

இனி சிலமலைக்கு வருகிறேன். இதுவரை மருத்துவமனை வாசலுக்கு உள்ளே நடப்பதைச் சொன்னேன். ஆனால் வாசலுக்கு வெளியே? ஸ்டாவஞ்சர் மருத்துவமனை 14 நிமிடத்தை மிச்சம் பிடித்தது. நாம் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரத்தைத் தொலைக்கிறோம். "வாயு பிடிச்சிருக்கும், சுக்குத் தட்டிக் குடு" என்று கொஞ்ச நேரம். எண்ணெய் தேய்க்கக் கொஞ்ச நேரம். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று புறா தேடப் போகிறவர்களும் உண்டு. வைத்தியம் சொல்கிறவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புறாவின் ரத்தம் மூளைக் குழாயில் இருக்கும் கட்டியைக் கரைக்காது. தோழர்களே, தாய்மார்களே, இதை உரக்கச் சொல்லுங்கள்: கரைக்காது!

மலையில் நடந்தால் இன்னும் கடினம். பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு அக்கா கீழே சாய்கிறார் என்று வையுங்கள். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறங்கிப் போடி வழியாகத் தேனிக்குப் போவதா, மேற்கே கேரள மருத்துவமனைக்குப் போவதா? எங்கே ஸ்கேன் இருக்கிறது, எங்கே இந்த ஊசி போடுகிறார்கள்? இதை அந்த நேரத்தில் பத்துப் பேர் கூடிப் பேசி முடிவு செய்தால் அரை மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு ஜீப்புக்கும் இந்தப் பதில் இன்றே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: ஒத்திகை மருத்துவமனை வாசலில் தொடங்கக் கூடாது. உங்கள் ஜீப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டிய ஒத்திகை மிக எளிது. ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள்; வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா? தன் பேரையும் ஊர்ப்பேரையும் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் கடிகாரத்தைப் பாருங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். "பக்கவாதம்னு சந்தேகமா இருக்கு" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் ஊற்றாதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அதை நேரில் பார்த்தவர்தான் மருத்துவமனைக்குக் கூடப் போக வேண்டும். பக்கத்து வரிசையில் காய் எடுத்த அக்காவுக்கு அது தெரியும். வீட்டிலிருந்து பதறி ஓடிவரும் மகனுக்குத் தெரியாது. ஆகவே அந்த அக்காவை வண்டியில் ஏற்றுங்கள். கூலி போகுமே என்று தயங்க வேண்டாம். தோட்டத்துக்காரர்களும் கங்காணிகளும் அன்றைய கூலியை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்பார். அதற்கான பதில் அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி தேவைப்படாமலே இருப்பது அதைவிட நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

நண்பர்களே, முடிக்கிறேன். மூன்று பேருக்கு மூன்று வேண்டுகோள்.

மருத்துவமனை நண்பர்களே, உங்கள் அவசர வார்டில் இந்த மாதமே ஒரு ஒத்திகை வையுங்கள். பொம்மை வரட்டும், நிதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு ஸ்ட்ரெச்சரும் ஒரு கடிகாரமும் போதும். வாசலிலிருந்து ஊசிக்கு எத்தனை நிமிடம் என்று சுவரில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் அதைக் குறையுங்கள்.

அரசு அதிகாரிகளே, ஊசி மருந்து தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையடிவார மருத்துவமனைகளுக்கும் மதுரை நரம்பியல் மருத்துவர்களுக்கும் இடையே, இரவிலும் எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி இணைப்பைக் கொடுங்கள். ஒத்திகையை அலுவலர்களின் கடமைப் பட்டியலில் சேருங்கள்.

சிலமலை மக்களே, ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். இந்த ஆண்டு அந்த நாளில், இந்த ஊரிலிருந்து மலையேறும் ஒவ்வொரு ஜீப்பிலும், வண்டி கிளம்பும் முன் ஐந்து நிமிடம் இந்த ஒத்திகையைப் பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், கையை நீட்டச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள், மணி பாருங்கள். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று ஓட்டுநர் தம்பி உரக்கச் சொல்லட்டும். ஐந்து நிமிடம்தான். ஒரு ஜீப் முழுக்க உயிர்காக்கும் ஆட்களாக மாறிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுங்கள்.